ஹெட் வேலைக்குப் பிறகு கூலன்ட் காணாமல் போகிறதா? அறிகுறியை வைத்துப் பிடியுங்கள்

ஹெட் கேஸ்கட் (என்ஜின் ப்ளொக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள தகடு) மாற்றி, கார் வீட்டுக்கு வந்து ஒரு கிழமை. ரிசேர்வ் டேங்கில் மேல் கோட்டில் நின்ற கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கீழ்க் கோட்டுக்கு இறங்கிவிட்டது. தரையில் சொட்டு இல்லை. டெம்பரேச்சர் முள் நடுவை விட்டு அசையவில்லை. கராஜில் கேட்டால் "அது ஒண்டுமில்ல தம்பி, ஊத்திட்டு ஓடுங்க" என்பார்கள். இரண்டு கிழமை கழித்து அதே பாஸ் (மெக்கானிக்) அதே பொனெட்டைத் திறந்து, "ஹெட்டத் திரும்பக் கழட்டத்தான் வேணும்" என்பார். எனக்கு இரண்டும் நடந்தது. என் பழைய 1500 சிசி ஜப்பான் காரில் கடைசியில் லீக் இருந்தது சுண்டுவிரல் தடிப்புள்ள ஒரு ரப்பர் குழாயில். திரும்ப ஹெட்டில் கை வைக்கவே தேவைப்படவில்லை. அதைப் பிடிக்க ஒன்றரை மாதம் போனது. கீழே சொல்லும் ஒழுங்கில் பார்த்திருந்தால் இரண்டு நாள் வேலை.

வேலைக்கு முன் இல்லாத லீக் வேலைக்குப் பின் வந்தால், முதல் சந்தேகம் கை பட்ட இடங்கள்மீதுதான். ஒரு ஹெட்டைக் கழற்ற எத்தனை வாய் திறக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள்: மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், ஹீட்டர் ஹோஸ் இரண்டு, என்ஜினுக்குக் காற்று விடும் த்ரொட்டில் பொடிக்குப் போகும் சின்ன ஹோஸ்கள், சூட்டுக்கேற்பக் கூலன்ட் வழியைத் திறக்கும் தேர்மோஸ்டாட்டின் மூடி, சில வேளை வோட்டர் பம்ப், ரேடியேட்டர் அடியிலுள்ள வடி திருகு, ப்ளொக்கின் பக்கத்தில் இருக்கும் இன்னொரு வடி திருகு. பத்து வாய்க்குக் கிட்ட வரும். புதுக் கேஸ்கட் ஒன்றைச் சந்தேகிக்கும் முன் இந்தப் பத்தையும் கேளுங்கள்.

முதலில் அளவு

"நிறையக் குறையுது" என்பதை வைத்து யாராலும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. காலையில், என்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது, சமதரையில் நிறுத்தி, ரிசேர்வ் டேங்கில் மட்டம் நிற்கும் இடத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள். ரேடியேட்டர் மூடியையும் திறந்து, கழுத்துவரை நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள். குறைந்ததை ஊற்றும்போது இருமல் மருந்துப் போத்தலோடு வரும் சின்னக் கிண்ணத்தாலோ, அளவு தெரிந்த போத்தலாலோ ஊற்றுங்கள். திகதி, கிலோமீற்றர், எத்தனை மில்லிலீற்றர் என்ற மூன்றையும் ஃபோனில் குறித்து வைத்தால் போதும்.

இந்தக் கணக்கே பாதி விடையைத் தந்துவிடும். ஓடினாலும் நின்றாலும் நாளுக்கு நாள் ஒரே அளவில் குறைந்தால் வெளி லீக். ஓடும் தூரத்தோடு, அதிலும் ஏற்றத்தோடும் வேகத்தோடும் சேர்ந்து குறைந்தால் உள்ளே போகிறது என்ற சந்தேகம் கூடும்.

சூடான என்ஜினில் மூடியில் கை வைக்க வேண்டாம். மேல் ஹோஸைப் பிடித்தால் மெத்தென்று அமுங்க வேண்டும், அதற்குப் பிறகும் துணி போட்டே திறக்க வேண்டும். 0.9 என்று எழுதிய மூடி, வெளியிலுள்ள காற்றழுத்தத்துக்கு மேல் கிட்டத்தட்ட ஒரு மடங்கு அழுத்தத்தை உள்ளே பிடித்து வைத்திருக்கிறது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 118 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய்விடும், தண்ணீர் முழுக்க ஒரேயடியாகக் கொதித்து முகத்துக்கு வரும்.

முதல் சில நாள் குறைந்தது, பிறகு நின்றுவிட்டது

இது லீக் இல்லை, காற்று. ஹெட்டைக் கழற்றும்போது ப்ளொக்கிலும் ஹீட்டர் குழாய்களிலும் இருந்த கூலன்ட் எல்லாம் வடிந்துவிடும். திரும்ப ஊற்றும்போது மூலைகளில் காற்று அடைபட்டு நிற்கும். என்ஜின் சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் காற்று வெளியேற, அந்த இடத்துக்கு ரிசேர்வ் டேங்கிலிருந்து கூலன்ட் போகும். மூன்று நாலு முறை சூடாகி ஆறுவதற்குள் மொத்தம் அரை லீற்றர் வரை இறங்கி, பிறகு கோட்டில் நின்றால் கவலையை விடுங்கள்.

நிற்கவில்லையென்றால் காற்றை ஒழுங்காக எடுத்துவிட்டுத்தான் அடுத்த சோதனைக்குப் போக வேண்டும். முன் சக்கரம் உயரும்படி ஒரு சரிவில் நிறுத்துங்கள். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில், வீதியைப் பார்த்த பக்கமாக நிறுத்தினாலே காணும். ஆறிய என்ஜினில் ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, ஹீட்டரை உச்ச சூட்டில் வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். கொழும்பில் யார் ஹீட்டர் போடுவது என்று கேட்கலாம். ஹீட்டரில் வால்வு உள்ள கார்களில், திறக்காவிட்டால் அந்தக் கிளைக்குள் கூலன்ட் போகாது, காற்று அங்கேயே குந்தியிருக்கும். மேல், கீழ் ஹோஸ்களை அமுக்கி அமுக்கி விடுங்கள். தேர்மோஸ்டாட் 80 பாகைக்குக் கொஞ்சம் மேலே திறக்கும். அப்போது மட்டம் சடாரென்று இறங்கும், ஊற்றி நிரப்புங்கள். ஃபேன் இரண்டு முறை சுற்றி நின்று, குமிழி வருவதும் நின்ற பிறகு மூடுங்கள். குமிழி நிற்கவே இல்லையென்றால் கீழே 'மேல் ஹோஸ் கல்லாகிறது' என்ற பகுதிக்குப் போங்கள்.

பல ஹைபிரிட் கார்களில் இரண்டு டேங்க் இருக்கும், ஒன்று என்ஜினுக்கு, மற்றது மின் மோட்டாருக்கு மின்சாரம் மாற்றிக் கொடுக்கும் இன்வேர்ட்டருக்கு. எது குறைகிறது என்று முதலில் சரியாகப் பாருங்கள். இன்வேர்ட்டர் பக்கம் குறைந்தால் அது ஹெட் கேஸ்கட்டின் குற்றமில்லை.

தரையில் ஈரம் இருக்கிறது

கொழும்பில் ஏசி போட்டு ஓடிய எந்தக் காரின் கீழும் ஈரம் இருக்கும். வெள்ளைக் கடதாசியால் ஒற்றி எடுங்கள். ஏசி தண்ணீருக்கு நிறமோ மணமோ இல்லை. கூலன்ட் இளஞ்சிவப்போ பச்சையோ நீலமோ காட்டும், விரலுக்கிடையில் வழுக்கும், இனிப்பு வாசம் அடிக்கும். நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் சில பழைய பாஸ்மாரிடம் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். அதில் இருக்கும் எதிலீன் கிளைக்கோல் சிறுநீரகத்தைக் கெடுக்கும் விஷம். இனிப்பென்று நக்கும் பூனை நாய்களுக்குக் கொஞ்சமே போதும். வடித்த கூலன்டை அடுக்குமாடிப் பார்க்கிங்கில் திறந்த பேசினில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

சொட்டு விழும் இடத்தை நம்பாதீர்கள், அது விழுந்த இடம் மட்டும்தான், ஒழுகிய இடம் மேலே எங்கோ இருக்கும். என்ஜினின் அடியில் அண்டர் கவர் இருந்தால் அதைக் கழற்றாமல் லீக் தேடுவது வீண். அரை லீற்றரை அது தன் மடியில் வாங்கி வைத்திருக்கும். வோட்டர் பம்பின் அடிப்பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. உள் சீல் போனால் அதன் வழியாகத்தான் ஒழுகும், காய்ந்த தடம் புள்ளி மாதிரி நிற்கும். அதை லீக் என்று நினைத்து அடைத்துவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்தத் தண்ணீர் பிறகு போகும் இடம் பேரிங்.

தரை காய்ந்திருக்கிறது, ஆனால் நிறுத்தியதும் வாசம் வருகிறது

சூட்டில் ஒழுகி, சூட்டிலேயே ஆவியாகிறது. ஹோஸ் மூட்டு, தேர்மோஸ்டாட் மூடி, ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தலையும் அலுமினியமும் சேரும் விளிம்பு ஆகிய இடங்களில் காய்ந்த உப்பு மாதிரி பூத்திருக்கிறதா பாருங்கள். சிவப்புக் கூலன்டின் பூப்பு வெளிறிய ரோஜா நிறத்தில் இருக்கும், தூசி என்று துடைத்துவிட்டுப் போய்விடுவோம். துடைக்காதீர்கள், அதுதான் சாட்சி.

இந்த இடத்தில் பிரஷர் டெஸ்டர் வேண்டும். ரேடியேட்டர் வாயில் பூட்டும் கைப்பம்பு அது. நல்ல ரேடியேட்டர்க் கடைகளில் இருக்கும், இரவல் கேட்டாலும் தருவார்கள். மூடியில் எழுதிய அழுத்தம்வரை மட்டும் அடியுங்கள். அதற்கு மேல் அடித்தால் இல்லாத லீக்கை நீங்களே உண்டாக்குவீர்கள். இருபது நிமிடம் முள் இறங்காமல் நிற்க வேண்டும். இறங்கினால் டோர்ச்சோடு தேடுங்கள். இறங்குகிறது, ஆனால் எங்கும் ஈரமில்லை என்றால் உள்ளே போகிறது.

ஓடாமல் நின்றாலும் குறைகிறது

என் கதை இதுதான். பிரஷர் டெஸ்ட் கராஜில் மூன்று முறை செய்தோம், மூன்றிலும் முள் அசையவில்லை. ஹெட்டுக்கு நாள் குறித்தாகிவிட்டது. ஆனால் என் குறிப்பில் ஒன்று உறுத்தியது: கிழமைக்கு 200 கிலோமீற்றர் ஓடியபோதும், ஊருக்குப் போய் காரை ஐந்து நாள் நிறுத்தியிருந்தபோதும் குறைந்த அளவு ஏறக்குறைய ஒன்று. கேஸ்கட் என்றால் நிறுத்திய காரில் அவ்வளவு போகக் கூடாது.

கராஜில் டெஸ்ட் செய்தது எப்போது? நான் ஓட்டிக்கொண்டு போய் இறங்கியதும், என்ஜின் சூடாக இருக்கும்போது. சூட்டில் உலோகம் விரிந்து ஹோஸுக்குள் இறுகும், லீக் அடைபடும். இரவில் ஆறும்போது சுருங்கி வாய் விடும். டெஸ்டரை வீட்டுக்கு வாங்கி வந்து இரவு ஆறிய என்ஜினில் பூட்டி, அழுத்தத்தை ஏற்றிவிட்டுப் படுத்தேன். விடிய ஐந்து மணிக்குப் போய்ப் பார்த்தால் முள் பாதிக்கு வந்திருந்தது. டோர்ச்சை இன்டேக் மனிஃபோல்டின் கீழே செருகிப் பார்த்தேன். த்ரொட்டில் பொடிக்குப் போகும் சின்ன ஹோஸின் நுனியில் ஒரு சிவப்புச் சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. நான் பார்க்கப் பார்க்க அது விழுந்தது கியர்பொக்ஸின் முதுகில். அங்கிருந்து தரைக்கு வரவேயில்லை, என்ஜின் சூட்டில் காய்ந்துவிடும். கியர்பொக்ஸின் மேல் ஒரு ரூபாக் குத்தி அளவுக்கு ரோஜா நிறக் கறை.

காரணம் பழைய ஸ்பிரிங் க்ளிப். வருஷக்கணக்காக ஒரே இடத்தில் கடித்து ரப்பரில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. திரும்பப் பூட்டும்போது க்ளிப் அந்தப் பள்ளத்துக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துவிட்டது. பஞ்சிகாவத்தையில் ஹோஸும் இரண்டு க்ளிப்பும் வாங்கிப் பூட்டியதோடு சரி. கடை நானா பழைய ஹோஸை வளைத்துக் காட்டினார், நுனியில் மயிரிழை வெடிப்புகள். "ஹெட் கழட்டினா இந்தச் சின்னச் சாமானெல்லாம் சேர்த்து மாத்தணும், ஆரும் கேக்கிறல்ல" என்றார். ஹெட் கேஸ்கட்டுக்குக் கொடுத்த காசில் இது எத்தனையில் ஒரு பங்கு என்று சொல்லவும் வெட்கமாக இருக்கிறது.

ரிசேர்வ் டேங்க் நிறைய, ரேடியேட்டர் மட்டம் கீழே

பலர் ரிசேர்வ் டேங்கை மட்டும் பார்த்து ஏமாறுவது இங்கேதான். மூடியில் வால்வு இரண்டு. ஒன்று அழுத்தம் கூடினால் வெளியே விடும், நடுவிலுள்ள சின்ன வால்வு ஆறும்போது திரும்ப உள்ளே உறிஞ்ச விடும். இரண்டாவது இறுகிப்போனால் போனது திரும்பி வராது. ஆறிய பிறகு மேல் ஹோஸ் சப்பையாகி ஒட்டிக்கொண்டு நின்றால் அதுவேதான். மூடிக்கும் டேங்குக்கும் இடையிலுள்ள மெல்லிய குழாயில் வெடிப்பு இருந்தாலும் இதே கதை, கூலன்டுக்குப் பதில் காற்றை உறிஞ்சும். மூடியை மாற்றும்போது பழையதில் எழுதிய எண்ணையே பார்த்து வாங்குங்கள். 0.9 இருந்த இடத்தில் "இது ஸ்ட்ரோங்" என்று 1.3 போட்டால் அடுத்தது ரேடியேட்டர் வெடிக்கலாம்.

டேங்க் நிறைந்து வழிகிறது என்றால் அது வேறு. உள்ளேயிருந்து எதுவோ தள்ளுகிறது.

பம்பலப்பிட்டி நெரிசலில் கொதிக்கிறது, ஹைவேயில் ஒன்றுமில்லை

காற்று போதவில்லை. ஃபேன் ப்ளக்கைத் திரும்பச் சொருக மறந்திருப்பார்கள். சிரிக்காதீர்கள், அடிக்கடி நடப்பது. ஏசியைப் போட்டால் ஃபேன் சுற்ற வேண்டும். ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு விடுபட்டிருந்தாலும் இதே பிரச்சினைதான்.

தலைகீழாக, ஊருக்குள் நன்றாக ஓடிவிட்டு, கொட்டாவையில் ஏறி 100இல் போகும்போதோ கடுகண்ணாவை ஏற்றத்திலோ முள் ஏறிக் கூலன்டைத் துப்பினால், ஒன்று ஓட்டம் போதவில்லை (பம்ப், அடைத்த ரேடியேட்டர், தேர்மோஸ்டாட்), அல்லது கேஸ்கட் வழியாக வாயு வருகிறது.

தேர்மோஸ்டாட் பற்றி ஒரு வார்த்தை. "எங்கட ஊர் வெயிலுக்கு இது தேவையில்ல" என்று கழற்றி எறியும் வழக்கம் இன்னும் சாகவில்லை. பல ஜப்பான் என்ஜின்களில் தேர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் பின்பக்கம் பைபாஸ் வழியை மூடும். அதைக் கழற்றினால் அந்த வழி எப்போதும் திறந்தே கிடக்கும், கூலன்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றும். குளிர வைக்கச் செய்த வேலை சூடேற்றும். வேலைக்குப் பிறகு உங்கள் காரில் அது இருக்கிறதா என்று கேட்டே விடுங்கள். பூட்டியிருந்தால் அதன் சின்ன ஆடும் வால்வு மேல்பக்கம் பார்த்து இருக்க வேண்டும், காற்று அதன் வழியாகத்தான் வெளியேறும்.

ஸ்டார்ட் செய்த இரண்டு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல்லாகிறது

இப்போது கேஸ்கட்டைச் சந்தேகிக்கலாம். ஆறிய என்ஜினில், கூலன்ட் இன்னும் சூடாகாத நேரத்தில், ஹோஸ் இறுகக் காரணமே இல்லை. சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்டுக்குள் வந்தால்தான் இறுகும். சேர்ந்து வரும் சாட்சிகள்: காலையில் முதல் சில நொடி ஒரு சிலிண்டர் தடுமாறுவது, மூடியைத் திறந்து வைத்தால் நிற்காத குமிழி, ஆறிய பிறகும் ஹோஸில் அழுத்தம்.

வெள்ளைப் புகையைப் பற்றி: நுவரெலியாவில் காலைக் குளிரில் எந்தக் காரும் வெள்ளையாக மூச்சு விடும். கொழும்பின் வெக்கையில் அது கண்ணுக்குத் தெரிவது அரிது. ஆகவே இங்கே சூடான என்ஜினில் இனிப்பு வாசத்தோடு வெள்ளைப் புகை தொடர்ந்து வந்தால் அலட்சியம் வேண்டாம்.

உறுதி செய்ய ஹெட்டைத் திறக்கத் தேவையில்லை. நீலத் திரவம் உள்ள ஒரு குழாயை ரேடியேட்டர் வாயில் வைத்து, மேலே சேரும் காற்றை அதனூடாக உறிஞ்சும் சோதனை ஒன்று உண்டு. காபனீரொட்சைட்டு இருந்தால் பெற்றோல் என்ஜினில் நீலம் மஞ்சளாகும். கூலன்ட் குழாய்க்குள் ஏறாதபடி மட்டத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டுச் செய்ய வேண்டும். சின்ன லீக் சும்மா நிற்கும்போது வெளிப்படாது, ஓட்டிச் சூடாக்கியபின் ஒருமுறையும் பாருங்கள். ஸ்பார்க் ப்ளக்குகளைக் கழற்றி வரிசையாக வையுங்கள். மூன்று மண்ணிறமாகவும் ஒன்று மட்டும் கழுவித் துடைத்ததுபோலவும் இருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது. ஃபோனில் பூட்டும் சின்னக் கமெரா இருந்தால், இரவு முழுக்க அழுத்தத்தில் வைத்துவிட்டுக் காலையில் ப்ளக் ஓட்டை வழியாகப் பிஸ்டன் தலையைப் பாருங்கள்.

ஈஜிஆர் கூலர் (திரும்ப என்ஜினுக்குள் விடும் புகையைக் கூலன்டால் ஆற்றும் பகுதி) உள்ள என்ஜின்களில், உள் லீக் என்றதும் அதையும் தனியாகச் சோதிக்க வேண்டும். அது வெடித்தாலும் கூலன்ட் சிலிண்டருக்குள்தான் போகும், பழி கேஸ்கட்டில் விழும்.

எண்ணெய் பால் தேத்தண்ணி நிறத்தில்

எண்ணெய் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் நுரை என்றால் பயப்பட வேண்டாம். ஈரக் காற்றில் குறுந்தூரம் ஓடும் காருக்கு அது வரும். டிப் ஸ்டிக்கில் அந்த நிறம் என்றால் காரை அப்படியே நிறுத்தி, கட்டி இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும். அந்த எண்ணெய் பேரிங்கைத் தின்றுவிடும்.

முன் இருக்கையின் கால்மிதி ஈரம், கண்ணாடி உள்ளே மங்குகிறது

மழைக்காலத்தில் ஏசி காருக்குக் கண்ணாடி வெளிப்பக்கம் மங்குவது வழமை. உள்பக்கம் மங்கி, துடைத்தால் எண்ணெய்ப் பசை மாதிரி இழுபட்டால் ஹீட்டர் கோர். டாஷ்போர்டைக் கழற்றும் வேலை அது. அதுவரை இரண்டு ஹீட்டர் ஹோஸையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டு ஓடலாம், கொழும்பில் ஹீட்டர் இல்லாமல் யாரும் விறைத்துச் சாகவில்லை.

மஞ்சள் தூள், மிளகுத்தூள், 'லீக் ஸ்டொப்' போத்தல் எல்லாம் நடு வீதியில் வீடு சேர உதவலாம். புதிதாக ஹெட் வேலை செய்த என்ஜினில் அவற்றை ஊற்றினால் முதலில் அடைபடுவது ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள்.

கேஸ்கட்தான் என்று உறுதியானால்

திரும்பப் பூட்டும் முன் பாஸிடம் நாலு கேள்வி கேளுங்கள், கோபிக்காமல், பக்கத்தில் நின்று. ஹெட்டை லேத் கடையில் முகம் வெட்டினார்கள், சரி, ப்ளொக்கின் முகத்தில் நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்தார்களா? பல அலுமினிய ஹெட்டுகளுக்கு 0.05 மில்லிமீற்றர் வளைவுதான் எல்லை, கண்ணால் தெரியாது. ஹெட்டை வெந்நீரில் அமிழ்த்தி அழுத்தம் கொடுத்து வெடிப்புப் பார்த்தார்களா? வால்வுகளுக்கிடையிலுள்ள வெடிப்பு குளிரில் மூடி, சூட்டில்தான் திறக்கும். போல்ட்டுகள் இறுக்கும்போது நீண்டு இழுபடும் வகை என்றால் புதியதா? போல்ட் ஓட்டைகளில் தேங்கிய எண்ணெயையும் தண்ணீரையும் காற்றடித்து எடுத்தார்களா? தேங்கியிருந்தால் இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரென்ச் பொய் சொல்லும், போல்ட் இறுகியதுபோலக் காட்டும், ஹெட் இறுகியிருக்காது.

கழற்றிய பழைய கேஸ்கட்டைக் குப்பையில் போட விடாதீர்கள். சிலிண்டரைச் சுற்றியுள்ள இரும்பு வளையத்திலிருந்து பக்கத்துத் தண்ணீர் ஓட்டை வரை கரிய கோடு ஒன்று ஓடியிருக்கும், அது எந்தச் சிலிண்டர் என்பதை ப்ளொக்கிலேயே சோக் கட்டியால் குறித்து வையுங்கள். கோடு எங்கேயும் இல்லையென்றால் அந்தக் கேஸ்கட் நல்ல கேஸ்கட்டாகவே இருக்கலாம், ஹெட்டை அப்படியே மேசையில் வைத்துவிட்டு வெடிப்பைத் தேடச் சொல்லுங்கள்.